கஷ்டத்தில் துணை நிற்காத காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். நான்கு வருடமாக ஒருவனைக் காதலித்தேன். அவன் வீடு புதுச்சேரி லாஸ்பேட்டையில். 2024 நவம்பர் 28 அன்று அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலைக்குள் சுமார் 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் தண்ணீர். ஆட்களை மீட்க ராணுவம் வந்தது. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் தென்பெண்ணையில் வெள்ளம், கடலூர் சாலையில் போக்குவரத்து நின்றது. அம்மா கடலூரில் மாட்டிக்கொண்டாள். நானும் அப்பாவும் ஆஸ்பத்திரியில்.

டிசம்பர் 1 அன்று அவன் வரவில்லை. யாராலும் வர முடியாத நாள் அது, நான் அதைக் கணக்கில் வைக்கவே இல்லை. 4ஆம் தேதி, "எல்லாம் சரியாயிடும், டேக் கேர்" என்று ஒரு வாட்ஸ்அப். 6ஆம் தேதி ஒரு போட்டோ: தண்ணீர் புகுந்த பைக்கை சர்வீஸுக்கு விட்டிருக்கிறான். 11ஆம் தேதி போன் செய்து, "நீ எப்பதான் நார்மலா ஆவ?" என்று கேட்டான். அவன் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் இருபது நிமிடம்.

அதன் பிறகு அலுவலகத்துத் தோழிகள், அவர்களின் தங்கைகள், ஒன்றிரண்டு தம்பிகள் என்று பலரும் ஒரே மாதிரிக் கேள்விகளோடு வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மனநல ஆலோசகர் இல்லை, கணக்கு எழுதுகிறவள்.

கஷ்டம் வந்தால்தான் ஆள் யாரென்று தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரை அடித்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் சிடுசிடுக்கும் எதிர்வீட்டுத் தாத்தா அன்று ஓட்டு வீட்டுக்காரர்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்தார். யாருக்கு என்ன ஆனாலும் முதலில் ஓடுகிற எங்கள் சித்தப்பா பயத்தில் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் தினமும் வரிசையில் நின்று குடத்தில் தண்ணீர் பிடித்து, நடக்க முடியாத ஆயா ஒருவருக்கும் சேர்த்துக் கொண்டுபோய் ஊற்றியது அதே சித்தப்பாதான். தாத்தா நாலாம் நாளே கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் புயலன்று ஒருவர் எப்படி இருந்தார் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் புதுமணத் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வேலை, பணம், உடம்பு என்று வெளியிலிருந்து நெருக்கடி கூடும்போது நல்ல ஜோடிகள்கூட ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள், சின்னக் குறையையும் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். எனவே அந்த நாட்களின் சிடுசிடுப்பைப் பாதியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

பத்தாம் நாளைப் பாருங்கள். முதல் நாள் எல்லாரும் போன் செய்வார்கள். ஊரே செய்யும். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கடந்த பிறகு வரும் போன்கள் மிகக் குறைவு, அதில் அவருடையது இருக்கிறதா?

போன் வந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. நீங்கள் முந்தாநாள் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்று கவனியுங்கள். "வியாழக்கிழமை ஸ்கேன்னு சொன்னியே, என்ன சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்டால், நீங்கள் பேசாத நேரத்திலும் உங்கள் விஷயம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதே போல, உங்களுக்காக அவருடைய நாளில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், ஒரு ஷிஃப்ட், காலைத் தூக்கத்தில் ஒரு மணி நேரம், எதுவாகவும் இருக்கட்டும். என் விஷயத்தில் எதுவும் இடம் மாறவில்லை. பைக் மட்டும்தான் ஷெட்டுக்குப் போனது.

ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதிதாகக் கல்யாணமானவர்கள் பேசிக்கொள்வதைக் கவனித்துவிட்டு, ஆறு வருடம் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கில்ல?" என்கிற அளவுக்குச் சின்னதாக ஒருவர் பேச்சுக் கொடுத்தால், மற்றவர் காதில் வாங்குகிறாரா இல்லையா, அதுதான் அவர் எண்ணியது. சேர்ந்து வாழ்ந்தவர்கள் 100க்கு 86 முறை காதில் வாங்கியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 முறை. இதைப் படித்த பிறகு எங்கள் பழைய வாட்ஸ்அப் பேச்சுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். (கணக்கு எழுதுகிறவள் என்று சொன்னேன் அல்லவா?) பெருமழைக்கு ஒரு வருடம் முன்பிருந்தே என் கேள்விகள் பாதிக்கு நீலக் குறிதான் பதில். புயல் வந்து எதுவும் புதிதாக முளைக்கவில்லை.

உதவி செய்தும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

போகும், இதில் நான் ஒருமுறை தப்புக் கணக்குப் போட்டிருக்கிறேன். தோழி ஒருத்தியின் கணவர் அவள் கருச்சிதைவாகிக் கிடந்த மாதத்தில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை என்று சேர்ந்து திட்டினோம். பின்னால்தான் தெரிந்தது, விஷயம் கேட்டு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் அவர் தெருமுனையிலேயே நிறுத்தி, காபி வாங்கிக் கொடுத்து, திருப்பி அனுப்பியிருக்கிறார். அவளிடம் யாரும் வந்து "ஏம்மா, ஜாக்கிரதையா இருக்கக் கூடாதா" என்று கேட்காமல் போனது தற்செயல் இல்லை.

நியால் போல்கர் என்பவரின் குழு நியூயார்க்கில் வக்கீல் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களின் துணைகளையும் தினமும் குறிப்பு எழுதச் சொன்னது. 2000இல் வந்த ஆய்வு. துணை செய்த உதவி, படிக்கிறவர் கண்ணில் படாத நாட்களில்தான் அவருடைய மனச்சோர்வு குறைந்திருந்தது. உதவி வாங்குகிறோம் என்று தெரிந்தாலே நமக்குக் கொஞ்சம் கூச்சம் வந்துவிடுகிறது போல.

ஆகவே "அவர் எதுவுமே செய்யல" என்று சொல்லும் முன் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். நான் விசாரித்தேன். எதுவும் இல்லை.

நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. காதலிக்கிறவருக்கு அதுவாகவே புரிய வேண்டாமா?

வேண்டும்தான். ஆனாலும் கேளுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பது நம் ஊரில் வணக்கம் மாதிரி, சொல்பவரும் எதிர்பார்ப்பதில்லை, கேட்பவரும் எதிர்பார்ப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, "சரி, செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டிலிருந்து ஆறு வரைக்கும் அப்பா பக்கத்தில் உட்கார், நான் போய்க் குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். பெரிய விஷயமாக இருக்க வேண்டாம். வெளியே மருந்துக் கடையில் ஒரு மாத்திரை, டவலும் போர்வையும் துவைத்து வருவது, பக்கத்து மெஸ்ஸில் ரெண்டு இட்லி.

தெளிவாகக் கேட்டு, செய்யக்கூடியதாகவும் இருந்து, அதற்கும் காரணம் வருகிறது என்றால் அதை ஒரு முறை மன்னிக்கலாம். மூன்று முறை கேட்டு மூன்று காரணம் வந்தால் நீங்கள் கேட்ட விதத்தில் குறை இல்லை.

நான் அவனிடம் கேட்டது: அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, ரோடு திறந்ததும் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? 25 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். "பைக் ஷெட்ல இருக்கே" என்றான். அந்த ரூட்டில் சாதாரண நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

எங்கள் காதல் வீட்டுக்குத் தெரியாது. அவர் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கஷ்டமான கேள்வியும் இதுதான். வெளியூர்ப் புத்தகங்கள் எதிலும் இதற்குப் பதில் கிடைக்காது. சாதி வேறு, மதம் வேறு, அல்லது அக்காவுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்பதால் நான்கு, ஐந்து வருடம் மூடி வைத்தே ஓடுகிற காதல்கள் நம் பக்கம் எத்தனையோ. அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது "இவர் யாரும்மா?" என்று பெரியம்மா கேட்டால் வீடு இன்னொரு புயலைத் தாங்காது. அந்தப் பயம் நியாயமானது. சில வீடுகளில் அது உயிர்ப் பயமும்கூட.

நெல்லிக்குப்பம் பக்கத்துத் தோழி ஒருத்தி. அவளும் அவளுடைய ஆளும் வேறு வேறு சாதி. அவள் அம்மாவுக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்றார்கள். அந்தப் பையன் ரத்த வங்கியில் வந்து நின்றான். ரத்தம் கொடுக்க வந்தவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அவள் அண்ணனே அவன் கையைப் பிடித்து நன்றி சொல்லி, ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அதற்கடுத்த இரண்டு வாரமும் தினம் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் அரை மணி நேரம் இருப்பான். அவள் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு டீ வாங்க வருவாள். சில நாள் இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். அவன் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் டீயில் சர்க்கரை குறைவாக இருக்கும், அவள் அம்மாவுக்கு அப்படித்தான் வேண்டும்.

ரகசியக் காதலில் எங்கே நிற்க முடியும் என்பதற்குத்தான் கட்டுப்பாடு. டீக்கடை இருக்கிறது, ரத்த வங்கி இருக்கிறது, நைட் ஒரு மணிக்குச் சத்தமில்லாமல் டைப் பண்ண போன் இருக்கிறது, "ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ்" நாலு பேரோடு அஞ்சாவதாக வந்து ஒரு பை ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்கள் அலுவலகத்திலிருந்து அப்படி ஒரு கூட்டம் அப்பாவைப் பார்க்க வந்தது. அதில் ஒருவனாக வா என்று அவனைக் கூப்பிட்டேன். "யாராவது கண்டுபிடிச்சா உனக்குத்தான் பிரச்சனை" என்றான். எனக்காகச் சொன்ன மாதிரியே இருந்தது. பல மாதம் அதை அப்படித்தான் நம்பினேன்.

பெண்ணுக்கு நோய் வந்தால் ஆண்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஒரு ஆய்வு சொல்கிறதாமே?

2009இல் அமெரிக்காவில் வந்தது. மூளைக் கட்டி, வேறு புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த, கல்யாணமான 515 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி பெண் என்றால் 20.8 சதவீதம் பேரின் மணவாழ்க்கை முறிந்தது. நோயாளி ஆண் என்றால் 2.9 சதவீதம். ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் முறிவு குறைவு. இதை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வைக்க முடியாது. இங்கே பிரியாமல் ஒரே வீட்டில் இருந்துகொண்டே விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இன்னொன்றையும் பாருங்கள்: அந்தப் பெண்களிலேயே 100க்கு கிட்டத்தட்ட 80 பேரின் கணவர்கள் போகவில்லை.

நான் ஆண், மீனவர் வீடு. மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது. என்னால் துணையாக இருக்க முடியவில்லை என்று அவள் நினைக்கிறாள்.

தேவனாம்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அது உங்கள் தப்பில்லை, அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த இரண்டு மாதம் என்னால் இவ்வளவுதான் செலவு செய்ய முடியும் என்று. சொல்லாமல் மறைத்து, போனை எடுக்காமல் இருந்தால்தான் பெண்கள் வேறு மாதிரி நினைப்போம். மற்றபடி அந்த 61 நாளில் உங்களிடம் நேரம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரக் காதலர்கள் பலரிடம் இல்லாத பொருள் அது.

அவருக்குப் பணக் கஷ்டம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். போடாவிட்டால் நான் துணை நிற்காதவள் ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். கையில் இருப்பதில் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். ஜாமீன் அப்படியில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரை விரட்டிப் பிடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. அவர் தவணை தவறினால், கடன் கொடுக்கும் முன் வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். நகையை அடகு வைத்துக் கொடுப்பதானால் ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் வேலை நேரத்தில் அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொல்கிறவள் நான். அவனுடைய பைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவளும் நானேதான். 6ஆம் தேதி போட்டோவில் இருந்த அதே பைக்.

கஷ்டம் அவருக்கு வந்திருக்கிறது. ஆனால் என்னை ஒதுக்குகிறார். நான் என்ன செய்வது?

சிலர் அடிபட்டால் மூலையில் போய்ச் சுருண்டுகொள்வார்கள். நம் வீடுகளில் ஆண் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறார்கள். நாளுக்கு ஒரு செய்தி, பதில் எதிர்பார்க்காமல் அனுப்புங்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்காராமல் வந்துவிடுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நான் மட்டும் ஒழுங்காக இருந்தேனா என்று சந்தேகம் வருகிறது.

வரட்டும். எனக்கும் வந்தது. 2021 மே, கொரோனா இரண்டாவது அலையில் அவனுடைய பெரியப்பா இறந்துபோனார். அவனைத் தூக்கி வளர்த்தவர். நான் அன்று இரண்டு கைகூப்பும் பொம்மை அனுப்பினேன், மறுநாள் ஒரு முறை பேசினேன், அதற்கு அடுத்த வாரம் என் பிறந்தநாளுக்கு அவன் விஷ் பண்ண மறந்ததற்குக் கோபித்துக்கொண்டேன். அப்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஊரடங்கு, போக முடியாது, என்ன செய்ய என்று நினைத்தேன். பத்தாம் நாளைப் பாருங்கள் என்று மேலே அவ்வளவு நீட்டி எழுதியிருக்கிறேனே, அவனுடைய பத்தாம் நாளில் நான் இல்லை. பிரிவதற்கு முன் இதை அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குத் தேதி உட்பட எல்லாம் நினைவிருந்தது.

சொல்லிப் பார்த்தால் மாறுவார்களா?

சிலர் மாறுகிறார்கள். உங்கள் குறையை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், நேரில் சொல்லுங்கள். புதுச்சேரி பீச் ரோட்டில் சாயங்காலம் வண்டிகளை விடுவதில்லை, காந்தி சிலையிலிருந்து நடந்தபடி பேசலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாததை நடந்துகொண்டு சொல்லிவிட முடியும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அவர் வக்கீலாகிவிடுவார். நடந்த ஒன்றை மட்டும் எடுங்கள்: "அன்னைக்கு மாத்திரை கொண்டுபோகச் சொன்னேன், நீ போகல, எனக்கு அப்ப யாருமே இல்லைன்னு தோணுச்சு." சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அதற்கு வரும் முதல் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எல்லாரும் முதலில் தற்காத்துக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்து அவராக அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கிறாரா? எடுத்தால் இடம் இருக்கிறது.

கூட நிற்காததற்கும் கொடுமைக்கும் எங்கே கோடு?

கஷ்ட நேரத்தில் வராமல் இருப்பது ஒன்று. உங்களை யாரிடமும் பேச விடாமல் செய்வது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைப்பது, போட்டோவை வெளியே விடுவேன் என்று மிரட்டுவது, கை நீட்டுவது எல்லாம் வேறு. அதற்குப் பீச் ரோடு பேச்சு வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, அவசரம் என்றால் 112. கல்யாணம் ஆகாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்கிற பெண்களையும் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாக்கிறது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி உண்டு, 15100க்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

நீங்கள் பிரிந்துவிட்டீர்களா?

2025 பிப்ரவரியில். பெரிய சண்டை எதுவும் இல்லை. அப்பாவைக் கடலூருக்குக் கூட்டிப் போய்விட்டோம், இப்போது கோல் ஊன்றித் தெருமுனை வரை நடக்கிறார், பேச்சுதான் இன்னும் குழறுகிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, பண்ருட்டிக்காரர், தண்ணீர் சூழ்ந்த அந்த மூன்று நாளும் எனக்கும் சேர்த்துச் சோறு வாங்கி வைத்தவர், இன்னமும் வாரம் ஒரு முறை அப்பாவை விசாரித்துப் பேசுகிறார்.

அந்த பைக் கடன் என்ன ஆனது?

பிரியும்போது ஒன்பது தவணை மீதி. மாதாமாதம் 5ஆம் தேதி எனக்கு வயிற்றைக் கலக்கும். கட்டியாகிவிட்டது என்று அவன் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவான், வேறு ஒரு வார்த்தை இருக்காது. நவம்பரில் முடிந்தது. ஒரு மாதம்கூட அவன் தவறவில்லை.